ருக்மணியக்கா மோந்து பார்த்த சிவப்பு ஒயின்

ருக்மணியக்காவும் நானும் நாலு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தோம். ஓசூர் ஜூஜுவாடியைத் தாண்டி, கர்நாடக எல்லைக்குள் அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு குடோன். வெளிநாட்டிலிருந்து வரும் ஒயின் பாட்டில்களின் பின்பக்கத்தில், இறக்குமதி செய்தவரின் விலாசம் அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டுவதுதான் வேலை. நான் திருச்சியிலிருந்து பிழைக்க வந்தவள். அக்கா பாகலூர்ப் பக்கத்துக்காரர். தமிழில் பேச ஆரம்பித்து, தெலுங்கில் திட்டி, கன்னடத்தில் சமாதானம் சொல்லி முடிப்பார்.

அதற்கு முன்னால் இருபத்தாறு வருஷம் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார். கறுநீலமாக, தடித்த தோலோடு இருக்குமே, பெங்களூர் ப்ளூ, அந்த ரகம். பந்தலுக்குக் கீழே குனிந்து குனிந்தே கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. வீட்டுக்காரர் இறந்து போனார், அடுத்த வருஷமே போர்வெல்லும் வற்றியது. கொடிகளை வெட்டிப் போட்டுவிட்டு ஷேர் ஆட்டோ ஏறி குடோனுக்கு வந்தவர்தான். ஒயினை ஒரு சொட்டுக் குடித்ததில்லை. ஆனால் மோந்து பார்க்காமல் இருக்க மாட்டார்.

எங்களிடம் வந்த சரக்கிலேயே உசத்தி, அமெரிக்காவில் கடலைப் பார்த்த ஒரு மலைச்சரிவில் விளைந்த சிவப்பு ஒயின். போன வருஷம் பெங்களூரு ஹோட்டல்காரர்கள் அதை ருசி பார்க்க வந்தார்கள். மீந்த கிளாஸை அக்கா மூக்குக்குக் கிட்டே கொண்டு போனார்.

"திராட்ச வாசனையே வர்லடி பொற்கொடி. மொளகு வாசம், காஞ்ச எல, மழ பேஞ்ச மண்ணு. குளுருல நிதானமா பழுத்த பழம் இது."

சூப்பர்வைசர் சுரேந்தர் திரும்பிப் பார்த்தார். "எப்படிம்மா சொல்றீங்க? அங்க கடல் காத்து மேல ஏறி வந்து வெயிலத் தணிச்சிடுமாம். பழம் பழுக்கவே ரொம்ப நாள் ஆகுமாம்."

இந்தப் பிப்ரவரியில் அதே ஒயின் நூற்றிருபது பெட்டி வந்தது. மூன்றாம் நாள் காலையில் என் கை தவறி ஒரு பாட்டில் விழுந்து உடைந்தது. துணியோடு துடைக்கக் குனிந்த அக்கா அப்படியே நின்றுவிட்டார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"என்னக்கா, கண்ணாடி குத்திடுச்சா?"

"இல்ல. இது எங்க ப்ளூ பழம்டி."

எனக்குப் புரியவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்தார். சந்தையில் திராட்சைக் கூடை பக்கமாகப் போனால் குப்பென்று ஒரு தித்திப்பு வாசனை வருமே, அதே வாசனை. எனக்கே தெரிந்தது.

சுரேந்தர் முதலில் சிரித்தார். பிறகு வேறொரு பெட்டியைப் பிரித்து, ஒரு பாட்டிலின் கார்க்கைப் பிடுங்கி, பேப்பர் கப்பில் ஊற்றி ஒரு வாய் குடித்தார். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து எங்கள் முன்னால் நின்றார்.

"முதலாளிகிட்ட சொன்னேன். அவரு அதிர்ச்சியே ஆகலம்மா. 'லேபிள ஒட்டி அனுப்பு, மூக்க நீட்டாதே'ன்னாரு."

அப்போதுதான் உறைத்தது. ஏமாந்தது முதலாளி இல்லை, ஏமாற்றியதே அவர்தான். தீபாவளிக்குத் தன் கையாலேயே ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தவர். அக்காவின் மகள் கல்யாணத்துக்கு வந்து கடைசிப் பந்தி வரை இருந்தவர். அக்கா அங்கிருந்த பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

சற்று நேரம் கழித்து எழுந்து, ஸ்டிக்கர் சுருளைச் சுரேந்தரின் மேஜைமேல் வைத்தார்.

"இருவத்தாறு வருசம் அந்தப் பழத்த வித்தன் சார். ப்ளூன்னு சொல்லித்தான் வித்தன். அதுக்கு வேற பேரு நான் ஒட்ட மாட்டன்."

பையை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அன்று மதியத்துக்குள் இரண்டு பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டினேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும்.

சாயங்காலம் சுரேந்தர் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு நேராக எக்சைஸ் அலுவலகத்துக்குப் போனார். அதிலிருந்து நாலாம் நாள் எக்சைஸ் ஜீப் வந்தது. பின்னாலிருந்த ஷெட்டின் பூட்டை உடைத்தார்கள். ஹோட்டல்களிலிருந்து வாங்கி வந்த காலி பாட்டில்கள், கார்க் அடிக்கும் மெஷின், ஆளுயரப் பிளாஸ்டிக் டிரம்கள் நிறைய ப்ளூ திராட்சை ஒயின். சுவருக்கு அந்தப் பக்கம்தான் நாங்கள் தினமும் சோறு தின்றோம். ஒருத்திக்கும் தெரியவில்லை.

முதலாளியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். குடோனுக்குச் சீல் வைத்தார்கள். முப்பத்தோரு பேருக்கு வேலை போயிற்று. எனக்குச் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இடம் கிடைத்தது. அக்கா பாகலூரில் ஒரு ரோஜாப் பண்ணையில் பூத் தரம் பிரிக்கிறார். போன மாதம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன்.

"மொதலாளி பண்ணதக்கூட மனசு ஏத்துக்கிச்சி. நம்மகூட ஸ்டிக்கர் ஒட்டுன தங்கமணி எதுர்ல வந்தா. 'உன் மூக்கால எங்க சோத்துல மண்ணு'ன்னு நடு ரோட்டுல சொல்லிட்டுப் போறா. எங்கூட ஒரே தட்டுல தின்னவடி அவ."

பாகலூர் பஸ் வந்தது. அக்கா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். வண்டி கிளம்பும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.