மூன்று ஹாரனில் வெந்த பணியாரம்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தாறு வயதில், வாயில் ஒரு சுடுபணியாரம், ஒரு கையில் இன்னொன்று, மறுகையில் வேட்டி என்று ஒரு பஸ்ஸின் பின்னால் ஓடினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் மனைவி, இந்த ஆள் யாரோ என்பதுபோல் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்ற மாசியில் காரைக்குடியில் மைத்துனர் வீட்டுக் காதுகுத்து. மதுரையில் காலை ஆறு மணி பஸ். எண்பத்தைந்து கிலோமீட்டர், ஆளுக்கு மூன்றரை ரூபாய். எட்டேகாலுக்குப் பிள்ளையார்பட்டிக்குப் பிரியும் விலக்கில் டிபனுக்காகப் பத்து நிமிடம் நிற்கும்; மாலையில் திரும்பும்போதும் அப்படியே. அங்கே லூர்து அக்காவின் கீற்றுக்கொட்டகை. வெள்ளைப் பணியாரம் நான்கு, காரச் சட்னியோடு நாற்பது பைசா. ஆள் வந்து கேட்ட பிறகுதான் எண்ணெயில் மாவு விழும். அதனால் அன்று பத்து நிமிடம் இருபத்திரண்டானது.

டிரைவர் கருப்பையா கொட்டகைக்குள் வந்துவிட்டார். “அக்கா, செக்கர் என் பேரை எழுதிட்டுப் போயிட்டாரு. இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா எதுத்த கடையிலதான் நிப்பாட்டுவேன்.”

எதிர்க்கடையில் விடிகாலையில் சுட்ட வடை மலையாகக் குவிந்திருக்கும். கேட்ட நொடியில் கிடைக்கும். அக்காவுக்கோ அந்த ஒரு பஸ்தான் பிழைப்பு. சும்மா இருக்க முடியாமல் நான் யோசனை சொன்னேன்: “நீங்களும் முன்னாடியே சுட்டு வைக்கலாமே?”

“ஆறுன பணியாரம் ரப்பருல்ல? நீங்க வீட்டுல ஆறுனதைத்தான் திங்கிறீகளோ?”

“ஆறுனப்புறந்தானே வீட்டுக்கு வர்றாக,” என்றாள் என் மனைவி.

கொட்டகையே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்காமல் டிரைவரிடம் திரும்பினார். “தம்பி, டிக்கெட்டுக் கிழிக்கையிலயே எத்தனை பிளேட்டுன்னு கண்டக்டரைக் கேக்கச் சொல்லுங்க. கம்மாக்கரை வளைவுல, திரும்புறப்ப அந்தப் பக்கத்து வளைவுல, பத்துப் பிளேட்டுக்கு ஒரு ஹாரன் அடிங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்.”

“ரெண்டு நாள் பாப்பேன். அம்புட்டுத்தான்.”

மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்கு, அதே பஸ்ஸில் திரும்பினோம். கண்டக்டர் எண்ணியதில் முப்பது பிளேட்டு. காரைக்குடிப் பக்கத்து வளைவில் மூன்று ஹாரன். வண்டி நின்றபோது இரண்டு சட்டிகளில் பணியாரங்கள் உப்பிப் புரண்டுகொண்டிருந்தன. இலையில் வைத்ததும் ஆவி என் கண்ணாடியை மூடியது. எட்டாவது நிமிடம் எல்லார் இலையும் காலி. நான் மட்டும் இன்னொரு பிளேட்டு கேட்டேன். அதனால்தான் அந்த ஓட்டம்.

“இனிமே இங்குட்டுத்தான் நிக்கும்க்கா!” என்று கருப்பையா கத்தியது, ஓடிக்கொண்டிருந்த எனக்கும் கேட்டது. விடிகாலையோடு அடுப்பை அணைத்துவிடும் எதிர்க்கடைக்காரரும் அப்போது அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நல்ல சகுனம்.

போகிறவர்களுக்கு: டிக்கெட் வாங்கும்போதே பிளேட்டு சொல்லிவிடுங்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பிளேட்டு ஆசை இருந்தால் அதையும் அப்போதே சொல்லுங்கள். அந்தப் பணியாரத்துக்கு ஈடு இந்தச் சீமையில் கிடையாது என்று சத்தியம் செய்வேன்.

அந்த மூன்று நாளும் எனக்குக் கடும் ஜலதோஷம். நாக்கில் சூட்டைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.