தடாரென்று ஒரு தரையிறக்கம்

விமானத்தில் எனக்கு ஜன்னலோர இருக்கைதான் வேண்டும். தரையிறங்குவதைக் கைபேசியில் படம் பிடித்து, விமானிக்குப் புள்ளியும் போட்டு முகநூலில் ஏற்றுவேன். பூப்போல இறங்கினால் பத்துக்குப் பத்து. வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பும்போதும், அந்தப் பயணத்தில்தான் முதன்முதலாக விமானம் ஏறிய என் கணவரைப் பக்கத்தில் இருத்திவிட்டு ஜன்னலை நானே பிடித்துக்கொண்டேன். அவர் முல்லைத்தீவில் கடற்றொழில் செய்பவர்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கடும் மழை. சக்கரங்கள் தடாரென்று தரையில் மோதின. பின்னால் யாரோ அலறினார்கள்.

"இந்த ஆளுக்கு ரெண்டு புள்ளியும் குடுக்கமாட்டன்," என்றேன்.

அவரோ கண்கள் விரிய வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விசர்க்கதை கதையாதையும். தண்ணி நிக்கிற தரை. மெல்லமா இறக்கினா வழுக்கிக்கொண்டு போயிடும். நாங்கள் அலைக்குள்ளால போட்டை மெல்லமாவோ கொண்டுவாறம்? எஞ்சினை முறுக்கி ஒரேயடியா மணலில ஏத்திறேல்லையோ? இல்லாட்டி அலை திருப்பி இழுத்துப்போடும்."

படத்தை மறுபடி ஓடவிட்டேன். மோதிய கணத்தில் இறக்கைக்குக் கீழே தண்ணீர் சுவர்போல எழுந்தது. அதைக் கிழித்துக்கொண்டு, எங்கள் அத்தனை பேரையும் சுமந்தபடி, விமானம் கோடு கிழித்தாற்போல நேராக ஓடியது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

இருபது வருடமாக விடியலில் கரையில் நின்று அவருக்காகக் காத்திருக்கிறேன். போட் மணலில் மோதும் அந்தத் தடார் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வரும். அதே சத்தத்துக்குத்தான் இரண்டு புள்ளிகூடக் கொடுக்க மனம் வராமல் இருந்திருக்கிறேன்.