பிரமிடு வாசலில் விட்ட செருப்பு

போன வருடம் பங்குனி மாதம், எகிப்தில் சக்காரா என்ற இடம். வெயில் இன்னும் ஏறியிருக்கவில்லை. பழைய பிரமிடுகள் பாதி இடிந்தும் இடியாமலும் கிடக்கிற அந்த மணல்மேட்டு வாசலில் அப்பா, அம்மா, நான் என மூன்று பேர் நின்றிருந்தோம். அக்கா வரவில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. அவள் வந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே எனக்கு வந்திருக்காது.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. மானாவாரி விவசாயம். உளுந்து, பாசி, சோளம், மழை கைகொடுத்தால் கொஞ்சம் பருத்தி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன் நான்தான். அக்கா எட்டாவதோடு நின்று, புதியம்புத்தூர் ரெடிமேட் கம்பெனி வேனில் ஏறிவிட்டாள். நான் ஜவுளி சம்பந்தமாகப் படித்து, எகிப்தில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் சேர்ந்தேன். தையல் போடுகிறது அவள், தையலில் குறை சொல்கிறது நான் என்று வீட்டில் கேலி உண்டு.

மகசூல் வீடு வந்து காடு சும்மா கிடக்கிற மாதம் என்பதால் பங்குனியில் அப்பாவையும் அம்மாவையும் வரவழைத்தேன். அக்காவுக்கும் டிக்கெட் எடுக்கிறேன் என்றேன். "பள்ளிக்கூட யூனிபாரம் சீசன்லா. இப்ப லீவு கேட்டா மிஷின்ல வேற ஆள உக்கார வச்சிருவாவ. நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க, போதும்" என்றுவிட்டாள்.

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து வெகுகாலம் ஆகிறது. பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. ஒரு தடவை கருவேல முள் ஏறி உள்ளேயே ஒடிந்து கிடந்திருக்கிறது. சீழ் பிடித்து வாடை அடித்த பிறகுதான் அது எங்களுக்குத் தெரிந்தது, அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. இன்னொரு புண் வந்தால் விரல் போகும், அதையும் கவனிக்காமல் விட்டால் கால் போகும் என்று கோவில்பட்டி டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார். அதிலிருந்து, சர்க்கரைக்காரர்களுக்கென்று விற்கிற எம்.சி.ஆர். செருப்பைத்தான் அவர் வீட்டுக்குள்ளேயும் போட்டு நடக்க வேண்டும். அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பது அடுத்த தெருவில். கம்பெனி வேனை விட்டு இறங்கியதும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, செல்போன் டார்ச்சை அடித்து அப்பாவின் பாதத்தைப் பார்த்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவாள்.

எகிப்துக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை. சாயங்காலம் வீடியோ கால் வரும். அம்மா அப்பாவின் காலைத் தூக்கி போனுக்கு நேரே பிடிப்பாள். "வெரலிடுக்க விரிச்சுக் காட்டும்மா. அந்தச் சுண்டு வெரலு பக்கம். ம், சரி" என்று அங்கிருந்து குரல் வரும். "சந்தையில மாட்டுக்குப் பல்லப் பிடிச்சுப் பாக்க மாதிரில்லா பாக்கா" என்பார் அப்பா. ஆனால் அந்த நேரத்துக்கு முன்னதாகவே காலைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வெயிலுக்கும் கூட்டத்துக்கும் முன்னால் கூட்டிப்போய்க் காட்டிவிடுகிற வேன் பயணம் ஒன்றில் பதிவு செய்திருந்தேன். எங்களோடு ஜெர்மனியிலிருந்து வந்த வயதான தம்பதி ஒன்றும், கொரியாப் பெண்கள் இருவரும் இருந்தார்கள். கைடாக வந்தது தலையில் முக்காடு கட்டிய ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். பெரியவர்களை அந்த ஊரில் ஹாஜி என்று கூப்பிடுவது மரியாதை. வேனில் ஏறும்போதே அப்பாவை அப்படிக் கூப்பிட்டார். "போற போக்குல நம்மள ஹாஜியாரு ஆக்கிட்டாவ" என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

கல் தூண்கள் வரிசையாக நிற்கிற வாசலில் நிறுத்தி அவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். ஆங்கிலத்தில் சொல்வதை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். இது ராஜாவைப் புதைத்த இடம் மட்டுமில்லை, செத்தவருக்குப் பூசை நடந்த கோவிலும் உண்டு என்றார். அதைத் தமிழில் சொன்னேன். அப்பா நின்றுவிட்டார்.

"கோயிலா?"

"கோயில் மாதிரிப்பா. அந்தக் காலத்துல பூச நடந்திருக்கு. இப்ப ஒண்ணும் கெடையாது."

"இப்ப நடக்கலன்னா கோயிலு இல்லேன்னு ஆயிருமாலே? நம்ம காட்டுக்குள்ள நிக்க சாமிக்கு வருசத்துக்கு ஒருக்காத்தான் பூச. மத்த நாளு செருப்புக் காலோட உள்ள போவியா?"

"கால்ல ஏதாவது குத்திரும்பா. அக்கா வையும்" என்றேன்.

"மணலுதானலே. மெத்த கணக்கா கெடக்கு."

அதற்குள் அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டாள். அப்பாவும் கழற்றினார். இரண்டு பேரும் வெறுங்காலோடு நிற்க, நான் மட்டும் ஷூவோடு நிற்பது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நானும் கழற்றினேன். கைடு திரும்பிப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மசூதிக்குள் போகும்போது நாங்களும் இப்படித்தான், ஆனால் இங்கே அது தேவையில்லை, கல் சில்லுகள் கூராக இருக்கும், போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அப்பாவிடம் சொன்னேன். "அவிய வெளிநாட்டு ஆளுகளுக்குச் சொல்லுதாவ. கரிசக்காட்டுக் காலுக்கு என்ன?" என்றபடி உள்ளே போய்விட்டார். வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளி மூன்று ஜோடியையும் எடுத்துத் தன் நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

தூண்களைத் தாண்டினால் பெரிய மைதானம். எதிரே படிப்படியாக ஏறி நிற்கிறது பிரமிடு. நான் படத்தில் பார்த்திருந்தது கூம்பாக இருக்கும். இது அதற்கெல்லாம் மூத்தது என்றார் கைடு. அப்பா இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார். "சோளத்தட்டப் படப்பு மாதிரில்லா அடுக்கியிருக்கான்."

"இவ்வளவு கல்லுக்கு நாலு கண்மாய்க்குக் கர கட்டியிருக்கலாம்" என்றாள் அம்மா.

இங்கே மழை உண்டா என்று கேட்கச் சொன்னார் அப்பா. வருடத்தில் ஏதோ சில தூறல் என்று பதில் வந்தது. "அதான் நிக்கி. நம்ம கரிசல்ல கட்டியிருந்தாம்னா அடுத்த ஐப்பசிக்கே ஒருபக்கமா எறங்கியிருக்கும்." இதை நான் கைடுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் சிரித்தார்.

மணல் குளிர்ந்துதான் கிடந்தது. ஆனால் மெத்தை இல்லை. பத்தடிக்கு ஒருமுறை சுருக்கென்று ஏதாவது குத்தியது. ஷூவுக்குப் பழகிப்போன என் பாதம் தாங்கவில்லை. நொண்டி விளையாடுகிற பிள்ளை மாதிரி தத்தித் தத்தி நடந்தேன். அம்மாவும் ஸ்ஸ், ஸ்ஸ் என்றுகொண்டே வந்தாள். அப்பா மட்டும் வரப்பில் நடக்கிறவர் மாதிரி ஒரே சீராகப் போனார். "தாயும் மகனும் பூமிதி மிதிக்காவ" என்று திரும்பித் திரும்பிச் சிரித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இந்த வயதிலும் என்ன கால் என்று நினைத்தேன்.

பிறகு பக்கத்திலிருந்த சின்னப் பிரமிடுக்குப் போனோம். வெளியிலிருந்து பார்த்தால் இடிந்து கொட்டிய கல் குவியல்தான். உள்ளே இறங்க மரப்பலகை அடித்த சரிவான பாதை இருந்தது. குனிந்துதான் போக வேண்டும். அடியில் ஒரு சின்ன அறை. சுவர் முழுக்கக் கொத்திய எழுத்து, கூரை முழுக்க நட்சத்திரம். அம்மா யாருக்கென்று தெரியாமலே ஒரு கும்பிடு போட்டாள். அப்பா நட்சத்திரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "செத்தவனுக்கும் வானம் வேணும்னு நெனச்சிருக்கான் பாரு" என்றார்.

ஒவ்வொருவராக மேலே ஏறினோம். கைடு கடைசியாக, டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் அவர் நின்றுவிட்டது தெரிந்தது. மேலே வந்ததும் எல்லோரையும் நிற்கச் சொன்னார். பலகையில் ரத்தம் இருக்கிறது, யாருக்குக் காயம் என்று கேட்டார்.

எல்லோரும் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். கொரியாப் பெண்கள் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார்கள். ஜெர்மன்காரர் தலையைத் தடவி விரலைப் பார்த்தார். நான் என் பாதத்தைத் திருப்பினேன், சிவந்திருந்ததே தவிர ஒன்றுமில்லை. அம்மாவுக்கும் ஒன்றுமில்லை. விஷயம் என்னவென்று அப்பா கேட்டார். சொன்னேன்.

"அடப்பாவமே" என்றவர், சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஏலே, அந்த வெள்ளக்காரம்மாவுக்கா இருக்கும். அவியதான் ஏற முடியாம ஏறுனாவ. சொல்லக் கூச்சப்பட்டு நிக்காவ போல. தண்ணி குடுத்து உக்காரச் சொல்லு."

சொல்லிக்கொண்டே அந்த அம்மாளுக்கு வழிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். அப்பா நின்ற இடத்துக் கல்லில் அவருடைய சுண்டுவிரல் பட்ட பக்கம் ஈரமாக, சிவப்பாகப் பதிந்திருந்தது.

முதலில் பார்த்தது கைடுதான். உடனே அப்பாவின் தோளைப் பிடித்து ஒரு கல்லில் உட்கார வைத்து, மணலில் மண்டியிட்டுக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். அப்பா பதறிப்போய்க் காலை இழுத்தார். "யம்மா, காலத் தொடக்கூடாதும்மா. ஏலே, சொல்லுலே, வேண்டாம்னு சொல்லு." கைடு விடவில்லை. தண்ணீரை ஊற்றி, விரலிடுக்கை விரித்து டார்ச் அடித்தார். கண்ணாடிச் சில்லு மாதிரி ஒரு கறுப்புக் கல் ஏறியிருந்தது. அந்த மேடு முழுக்க அப்படிப்பட்ட கல் சிதறிக் கிடக்குமாம். எங்கே ஏறியதோ தெரியாது. மைதானம், அறை, ஏற்றம் என்று அவ்வளவு தூரமும் அதை மிதித்து மிதித்து உள்ளே ஏற்றியிருக்கிறார்.

"வலிக்காப்பா?" என்றேன்.

"இல்லியே" என்றார், என்னவோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி.

கைடு நிமிர்ந்து, சர்க்கரையா என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். தன் அப்பாவுக்கும் அதேதான், முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை, மிச்சம் இருக்கிற காலைத் தினமும் தான்தான் பார்ப்பதாகச் சொன்னார். நான் இதைத் தமிழில் சொன்னதும் அப்பா காலை இழுப்பதை நிறுத்திவிட்டார்.

பயணம் அதோடு முடிந்தது. மற்றவர்கள் யாரும் முகம் கோணவில்லை. அந்த ஜெர்மன் அம்மாள் பையிலிருந்து சுத்தமான காலுறை ஒன்றை எடுத்து, கைடு போட்ட கட்டின் மேல் மாட்டிவிட்டார். வாசலில் காவலாளி எங்கள் செருப்புகளைத் தூசி தட்டி வைத்திருந்தார். அப்பாவின் செருப்பில் ஒரு கீறல் இல்லை. கைடு எங்களோடு ஆஸ்பத்திரி வரை வந்து, டாக்டரிடம் அரபியில் எல்லாம் சொல்லி, ஊசி போட்டு முடிகிற வரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போனார்.

அன்றைக்குச் சாயங்காலமும் அக்காவின் வீடியோ கால் வந்தது. அம்மா போனை என்னிடம் தந்துவிட்டாள். நடந்ததைச் சொன்னேன். அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தேன். "வெரலு நெறம் எப்படி இருக்கு, அத மட்டும் சொல்லு" என்றாள்.

முன்கூட்டியே ஊர் திரும்பினோம். முதலில் ஆறுகிற மாதிரி இருந்தது. பிறகு கறுத்தது. சித்திரையில் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலை எடுத்தார்கள். சீக்கிரம் சுத்தம் செய்ததால் இதோடு நின்றது, இல்லையென்றால் பாதம் போயிருக்கும் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் அக்கா என்னிடம் அந்தக் கைடைப் பற்றித்தான் திரும்பத் திரும்ப விசாரித்தாள். "அவ அப்பா காலையும் அவளே பாக்காளாலே? அவளுக்கு ஒரு சுடிதார் தைக்கணும். அளவு கேட்டு வாங்கித் தா" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவளுடைய ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்ததைப் பார்த்தேன். என்ன என்றேன்.

"ஊசி ஏறிட்டு. ஒண்ணும் இல்லலே, வலிக்கல."

"காட்டு" என்றேன். காட்டமாட்டேன் என்றாள். கையைப் பிடித்து வாங்கித் துணியைப் பிரித்தேன். மிஷின் ஊசி நகத்தோடு துளைத்து இறங்கியிருந்தது. அந்த விரலோடு அவள் சீசன் முழுக்கத் தைத்திருக்கிறாள். அவளையும் அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

அன்று அந்த மணலில் குத்துகிறது, குத்துகிறது என்று துள்ளிய எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் சொல்லாமல் சீராக நடந்தவருக்குத்தான் ரத்தம் போனது. இப்போதெல்லாம் வீட்டில் யாராவது வலிக்கவில்லை என்று சொன்னால் நான் அதோடு விடுவதில்லை, காட்டச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஊரில் யாராவது, "அண்ணாச்சி, பிரமிடு பாத்துட்டு வர எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டால், புதுச் செருப்புக்குள் காலைச் சரியாக நுழைத்துக்கொண்டே சொல்கிறார்:

"டிக்கெட்டு, சாப்பாடு எல்லாம் பையன் பாத்துக்கிட்டான். எங்கணக்குல ஒரு சுண்டுவெரலு."