ரூத் அன்ரியின் அம்மாவுக்கு ஒரு சப்பாத்து இருந்ததாம்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டியோ குறைத்தோ எழுதினால் ரூத் அன்ரிக்குப் பிடிக்காது என்பது, சிட்னி ஹோம்புஷில் கூடும் நம் தமிழ் வாசிப்பு வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்தபோது அம்மா குசினியில் அடுப்புக்கு முன்னால் தொலைபேசியைப் பார்த்தபடி நின்றார். "ரூத் மோசம் போயிட்டாவாம். மகன் மெசேஜ் போட்டிருக்கிறார்," என்றார். ரூத் அன்ரி இறந்துவிட்டார் என்று கேட்டதும் எனக்கு அழுகைக்கு முன் ஒரு கேள்விதான் வந்தது. அம்மாவை அவரிடம் ஒருநாள் கூட்டிப்போக நினைத்திருந்தேனே, இனி யாரிடம் போவது?

ரூத் அன்ரி யூதர். அவருடைய அம்மா நாசி வதைமுகாமிலிருந்து உயிர் தப்பிச் சிட்னிக்கு வந்தவர். ரூத் அன்ரி இங்கேதான் பிறந்தார். அம்மா இறந்த பிறகு அந்தக் கதையைச் சொல்லும் பொறுப்பு அவருக்கு வந்தது.

நம் வட்டத்துக்கு அவர் பேச வந்த முதல் நாள் நான்தான் மொழிபெயர்த்தேன். முகாமில் கிடைத்த ரொட்டியைப் பற்றி அவர் சொன்னதை, "அம்மா பாணைத் தலைமாட்டில் ஒளித்து வைத்தா," என்றேன்.

வட்டத்தில் மூத்தவரான சிவம் அங்கிள் கையைத் தூக்கினார். "பிள்ளை, 'வைத்தாவாம்' எண்டு சொல்லு. இவ அப்ப பிறக்கவே இல்லையே, எப்பிடிப் பார்த்தவ?"

எல்லோரும் சிரித்தோம். என்ன சிரிப்பு என்று ரூத் அன்ரி கேட்டார். விளக்கினேன். உடனே கொப்பியில் 'ஆம்' என்று ஆங்கில எழுத்தில் குறித்துக்கொண்டார். "'இது நான் பார்த்ததல்ல, அம்மா சொன்னது' என்று நான் ஒவ்வொரு முறையும் ஒரு முழு வாக்கியம் சொல்கிறேன். உங்களுக்கு ஒரு குட்டி வால் போதுமா?"

பனியில் தன் அம்மா வெறுங்காலோடு நடந்தார் என்று ஒருமுறை நம்மிடம் சொல்லியிருந்தார். பிறகு அம்மா பேசிய பழைய ஒலிநாடாவைக் கேட்டால், ஒரு காலில் சப்பாத்து இருந்ததாம். நம் ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்துத் திருத்தினார். "ஒரு சப்பாத்தால என்ன வரப்போகுது?" என்று சிவம் அங்கிள் கேட்டாராம். "அம்மாவிடம் இருந்தது அது ஒன்றுதான். அதையும் நான் பறித்துவிட்டேன்," என்றாராம் ரூத் அன்ரி.

என் அம்மாவும் இலங்கையில் போர் முடிந்தபோது வவுனியாவில் முள்ளுக்கம்பிக்குள், முகாமில் இருந்தவர். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. கேட்டால், "அது இப்ப என்னத்துக்கு? போய்ப் படி," என்பார். வட்டத்துக்கு என்னைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுக் காருக்குள்ளேயே இருப்பார். இதை ரூத் அன்ரியிடம் சொன்னேன்.

"முகாமைப் பற்றிக் கேட்காதே. அது மிகப் பெரிய கேள்வி. வரிசையில் முன்னால் நின்றது யார் என்று கேள். என் அம்மாவிடம் நான் கேட்காமல் விட்டவை எல்லாம் அப்படிப்பட்டவைதான்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நூலக அறையில் அஞ்சலிக் கூட்டம். அம்மா முதல் தடவையாக உள்ளே வந்தார். எல்லோரும் போன பிறகு நாங்கள் இருவரும் கதிரைகளை மடக்கி அடுக்கினோம்.

"அம்மா, தண்ணி லைன்ல உங்களுக்கு முன்னால ஆர் நிண்டது?"

அம்மா கையில் கதிரையோடு அப்படியே நின்றார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கதிரையை விரித்துப் போட்டு அதில் இருந்தார்.

"ராணி அக்கா," என்றார். "அவவின்ர வாளிக்குக் கைபிடி இல்லை. மற்றப் பக்கம் நான்தான் பிடிக்கிறனான்."

நானும் ஒரு கதிரையை விரித்தேன். "பிறகு?"

பெரிய கேள்வியைச் சின்னதாக்கும் பழக்கத்தை ரூத் அன்ரியிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்கிறேன். ராணி அக்காவுக்கு இரண்டு பிள்ளைகளாம். மூத்தவளுக்கு அப்போது என் வயதாம். நூலகத்தில் வேலை செய்யும் பெண் வந்து, மூடும் நேரம் என்று சொல்ல வாயெடுத்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எங்கள் தலைக்கு மேலிருந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, மற்ற விளக்குகளை அணைத்தார்.