வண்டி வடக்கே திரும்பும் இடம்

எங்கள் வேனை வாடகைக்குப் பேச வருகிறவர்கள் ஏசி வேலை செய்கிறதா, சீட் சாயுமா என்பதையெல்லாம் அப்புறம்தான் கேட்பார்கள். அதற்கு முன்னால் கொஞ்சம் இழுத்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு ஒன்று கேட்பார்கள்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. இந்த வண்டில பொணம் எதுனா ஏத்தியிருக்கீங்களா?"

திருத்தணியில் வேன் வைத்திருக்கிற எவனுக்கும் இது பழகிப்போன கேள்விதான். ஏறுகிறவர்கள் மாலை போட்டவர்கள், காவடி எடுக்கிறவர்கள், கல்யாணப் பெண்ணை அழைத்துப் போகிறவர்கள். ஒரு வண்டி ஒரே ஒருமுறை சாவு வீட்டுக்குப் போய் உடலை ஏற்றிவிட்டால் போதும், ஊருக்கே தெரிந்துவிடும். பிறகு என்னதான் கழுவினாலும், நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினாலும் நல்ல சவாரி வராது.

நான் அந்தக் கேள்விக்குத் தயங்காமல் "இல்லங்க" என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம் என் மனைவி. நான் யாராவது கண் கலங்கினால் கரைந்துவிடுகிற ஆள். எங்கள் தெருக்காரர் ஒருவர் அரக்கோணம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனபோது அவருடைய மகன் வாசலில் வந்து நின்று அழுதான். நான் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். இவள் உள்ளேயிருந்து வந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தம்பி, கூட வந்து உக்காரச் சொன்னாலும் வர்றேன். வண்டிய மட்டும் கேக்காத. இதுல நேர்ந்துகினு ஏறறவங்க நம்பித்தான் ஏறறாங்க" என்றாள். அமரர் ஊர்திக்கு அவளே போன் போட்டாள். காரியம் முடிகிற வரை அந்த வீட்டுக்கு எங்கள் வீட்டுச் சோறுதான் போனது. அந்தப் பையன் இன்றைக்கும் அவளைப் பற்றி நல்லதாகத்தான் பேசுகிறான். என்னைப் பற்றிப் பேச அவனுக்கு ஒன்றும் இல்லை.

அவள் ஆந்திரா பக்கத்து நகரிக்காரி. விசைத்தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவள். தறியில் இழை அறுந்தால் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிற காது அவளுக்கு. அந்தக் காதோடு என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தால் நிம்மதியாக ஓட்ட முடியாது. "பின்னால எதுவோ லொட லொடங்குது" என்பாள். "ஒண்ணும் இல்ல" என்பேன். வீட்டுக்கு வந்து அடியில் படுத்துப் பார்த்தால் சைலன்சர் பிடிப்பு கழன்றிருக்கும். அவள் டீ டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் போவாள், அவ்வளவுதான். அந்த டம்ளர் வைக்கிற சத்தத்தில் எல்லாம் இருக்கும்.

அந்த வேனை நாங்கள் வெறும் கூடாக வாங்கினோம். சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. ஜன்னல் அறுத்தது, சீட் போட்டது, மேலே சாமான் வைக்கக் கம்பி அடித்தது எல்லாம் நானும் என் மச்சானும்தான். மச்சான் என்றால் அவளுடைய தம்பி. தறியில் உட்காரப் பிடிக்காமல் வெல்டிங் கற்றுக்கொண்டு எங்களோடு வந்துவிட்டவன். என்னை அவர்கள் ஊர் வழக்கப்படி 'பாவா' என்று கூப்பிடுவான். பின்னால் இழுவைக் கொக்கி ஒன்றும் அவன் வைத்துக் கொடுத்தான். ஆடிக் கிருத்திகை வந்தால் லைட்டு, மைக் செட்டுக்காரர்களுடைய ஜெனரேட்டர் வண்டியைக் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு, உள்ளே ஆட்களையும் ஏற்றிக்கொண்டு நாங்கள் அடிவாரத்துக்குப் போவோம். ஊரே எங்களுக்கு வழி விடும். எனக்கு அதில் கொஞ்சம் திமிர் உண்டு, மறைக்கமாட்டேன்.

அவளுக்கு முதுகு வலி வந்தது. பின்னால் சத்தம் வருகிறது என்று எத்தனையோ முறை சொன்னவள், தன் உடம்பில் வந்த சத்தத்தை மட்டும் யாருக்கும் சொல்லாமல் இருந்துவிட்டாள். முதுகெலும்பில் கட்டி என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவளால் நிமிர்ந்து உட்கார முடியாமல் போயிருந்தது. அடிக்கடி அங்கே போய் வர வேண்டும், படுத்தபடிதான் வர வேண்டும் என்றார்கள். முதல் தடவை ஆம்புலன்ஸில் கூட்டிப்போனோம். திரும்பி வந்ததும் சொன்னாள்: "சங்கு ஊதிகினு போறான். பாதி உசுரு அங்கியே போய்டுது. நம்ம வண்டி இன்னாத்துக்குக் கீது?"

அடுத்த நாளே இடது பக்கச் சீட்டுகளைக் கழற்றினோம். ஜன்னலை ஒட்டி நீளமாக இரும்புக் கட்டில் ஒன்று. தலைமாடு வண்டியின் முன்பக்கம், அதாவது எனக்குப் பின்னால். அவள் பேசினால் எனக்குக் கேட்க வேண்டும். அந்தப் பக்கம் மட்டும் பலகையைத் தூக்கிச் சாய்வாக நிறுத்தக் கீல் வைத்தான் மச்சான்.

ஆனால் கட்டில் போட்டுவிட்டால் ஆகிவிடுமா? வண்டி குதிக்கிறதே. பாரம் இழுக்கிற வண்டிக்குப் பின்பக்கம் பட்டைகள் கெட்டியாக இருக்கும். அச்சுக்கு மேலே ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கும் வில் மாதிரியான இரும்புப் பட்டைகள். ஆள் நிறைய ஏறினால் அடங்கிப் போகும். ஒரே ஒருத்தியை, அதுவும் அவள் இளைத்துப்போன கனத்துக்கு, ஏற்றினால் ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகில் ஏறும். நான் இரண்டு பக்கமும் சில பட்டைகளைக் கழற்றி எண்ணெய் பூசி, சாக்கில் சுற்றிப் பரணில் போட்டேன். இனி அந்த வண்டியால் ஜெனரேட்டரை இழுக்க முடியாது, முழு ஆட்களையும் ஏற்ற முடியாது. அதை அவளிடம் சொல்லவில்லை.

மச்சானைக் கட்டிலில் படுக்கவைத்து கே.ஜி.கண்டிகை வரை ஓட்டிப் பார்த்தேன். "எப்டிடா கீது?" என்று கேட்டால் பதிலே இல்லை. திரும்பிப் பார்த்தால் தூங்கிக்கொண்டிருந்தான். சரி, கட்டில் பாஸாகிவிட்டது என்று வண்டியைத் திருப்பினேன்.

முதல் பயணம் போகும்போது நன்றாகவே போனது. கண்டிகை வேகத்தடையில் கண்ணை மூடியபடியே "கண்டிகையா?" என்றாள். சோளிங்கர், வாலாஜா, வேலூர் எல்லாம் அவளுக்குச் சாலையின் ஆட்டத்திலேயே தெரிந்தது. திரும்பி வரும்போதுதான் சிக்கல். வேலூரிலிருந்து கிழக்கே வரும் நெடுஞ்சாலையை விட்டு, வாலாஜாவில் சோளிங்கர் பக்கமாக வண்டி வடக்கே திரும்பியது. கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை.

"நிறுத்துங்க."

பதறி ஓரம் கட்டினேன். "இன்னாமே, வலிக்குதா?"

"சாயங்கால வெயிலு வலது கன்னத்துல அடிக்குது. அப்ப என் தல எந்தப் பக்கம் கீது?"

நான் யோசித்தேன். தலைமாடு முன்னால். வண்டி போவது வடக்கே.

"வடக்கால தல வச்சிப் படுக்க வச்சிகினு ஓட்டினு போறீங்களே. வூட்ல பாயக்கூட அப்டிப் போடமாட்டேனே நானு" என்றாள். மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அத்தனை அளவெடுத்து, அத்தனை வெல்டிங் அடித்த இரண்டு ஆம்பிளைகளுக்கும் சாலை திரும்பும், அதோடு திசையும் திரும்பும் என்று தோன்றவில்லை.

அங்கே ஒரு டீக்கடை இருந்தது. அதன் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, பின்கதவைத் திறந்து, அவளைத் தூக்கித் தலையைப் பின்பக்கமாக மாற்றிப் படுக்கவைத்தோம். பின்பக்கம் சாய்வு இல்லாததால் போர்வைகளை மடித்து வைத்தோம். அந்த வாரமே கால்மாட்டுப் பக்கமும் கீல் வைத்துவிட்டான் மச்சான். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தலைமாடாகும் கட்டில், இந்த ஜில்லாவிலேயே எங்கள் வண்டியில்தான் இருந்திருக்கும்.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அந்த இடத்தில் நிறுத்துவோம். மச்சான் காலைப் பிடிப்பான். நான் குனிந்தால் அவள் இரண்டு கைகளாலும் என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். தூக்கித் திருப்புவேன். கல்யாணமான புதிதில்கூட அவள் வெளியிடத்தில் என் கையைப் பிடித்ததில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில், லாரிக்காரர்கள் பார்க்க, அவள் என்னைக் கட்டிக்கொள்வாள். திருப்பியதும் டீ. ஆற்றி ஆற்றி நான்தான் கொடுப்பேன். வேலூருக்குப் போவதே எனக்கு நரகம். ஆனால் அந்த இடம் வர வேண்டும் என்று மனசு காத்துக்கொண்டிருக்கும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆடிக் கிருத்திகை வந்தது. தெரு முழுக்கக் காவடிச் சத்தம். வீட்டுக்குள் படுத்திருந்தவள் கேட்டாள், "இன்னும் ஜெனரேட்டர் மாட்டினு போவலயா?"

"இந்த வருஷம் வேற வண்டி பேசிட்டாங்க" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "வண்டி மெத்துனு போறப்பவே நெனச்சேன். பட்ட எங்க?"

பரணைக் காட்டினேன். அவளுக்குக் கோபம் வந்தால் 'ங்க' போய்விடும். "எனுக்காக வண்டிய நொண்டியாக்கிட்டியா நீ? உனுக்கு வேற இன்னா வேல தெரியும்? நாளைக்கு இன்னா பண்ணுவ?"

"நாளைய நாளைக்குப் பாத்துக்கலாம்."

"ஆங், பாப்ப" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு கூப்பிட்டாள். எங்கள் வாசலில் நின்றால் கோயில் மலை தெரியும். "வாசல்ல போயி மலையப் பாத்து சொல்லுங்க. நான் போய்ட்டா என்னிய நம்ம வண்டில ஏத்தமாட்டேன்னு சொல்லுங்க."

எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது. கத்தினேன். வண்டி போனால் போகட்டும், இரும்புக் கடையில் போட்டுவிடுகிறேன், உன்னை யாரோ ஒருத்தன் வண்டியில் அனுப்பமாட்டேன் என்றேன். அவள் கத்தவில்லை. "அந்தப் புள்ள வந்து அழுதப்ப முடியாதுன்னு சொன்னவ நானு. எனுக்கு மட்டும் ஏத்துனா அந்தப் புள்ள இன்னா நெனைக்கும்? போங்க. போயி சொல்லுங்க" என்றாள்.

போனேன். படியெல்லாம் காவடி ஏறிக்கொண்டிருந்தது. மலையைப் பார்த்துச் சொன்னேன்.

அவள் இறந்தது வேலூரில், ஒரு மதியத்தில். கீழே எங்கள் வண்டி நின்றிருந்தது. கட்டிலில் காலையில் மடித்த போர்வை, தலையணை. மச்சான் என் தோளைப் பிடித்தான்.

"பாவா, அக்கா பெட்டு ரெடியா கீது. எடுத்துகினு போய்டலாம் பாவா. யாருக்குத் தெரியப்போவுது?"

"மலையப் பாத்துச் சொல்லிட்டேன்டா."

அவன் அழுதான். அமரர் ஊர்தி வந்தது. அவன் அவளோடு ஏறிக்கொண்டான். நான் காலி கட்டிலை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தேன். பள்ளம் வந்தபோதெல்லாம் என் கால் தானாகவே பிரேக்கில் விழுந்து எழுந்தது. யாருக்காக மெதுவாகப் போகிறேன் என்று அழுகை வந்தது. சாலை தெரியாமல் துடைத்துத் துடைத்து ஓட்டினேன்.

வாலாஜாவில் முன்னால் போன வண்டி வடக்கே திரும்பியது. அதன் பின் கண்ணாடியில் வெள்ளைத் துணியும் அவளுடைய பாதங்களும் தெரிந்தன. பாதம் என் பக்கம் என்றால் தலை முன்னால். ஹாரனை அழுத்திக்கொண்டே முந்திப் போய், டீக்கடை அருகே குறுக்கே நிறுத்தினேன்.

ஓட்டுநர் இறங்கி வந்தார். "இன்னா சார், இன்னா ஆச்சு?"

"தல வடக்கால கீது. திருப்பிப் படுக்க வைக்கணும்."

"அதெல்லாம் உசுரோட கீறவங்களுக்குதான் சார்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். நான் ஒன்றும் சொல்லாமலே மச்சான் கால் பக்கம் வந்து நின்றான். நான் குனிந்தேன். அவள் கைக் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கழுத்தைக் கட்டிக்கொள்ளக் கை வரவில்லை. அப்போதுதான் எனக்கு அவள் போய்விட்டாள் என்பது புரிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது எதுவும் அதுவரை உள்ளே இறங்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து மச்சானே பரணில் ஏறிப் பட்டைகளை இறக்கினான். வேண்டாம் என்றேன். "அக்கா திட்டும் பாவா" என்றான். பட்டைகளை ஏற்றி இறுக்கினோம். கட்டிலைக் கழற்றினோம். சீட்டுகளைப் போட்டோம். வண்டி பழையபடி விறைத்துக்கொண்டது. இப்போது பள்ளத்தில் இறங்கினால் என் முதுகு வரை வருகிறது. வரட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

முதல் சவாரி ஒரு குடும்பம், வேலூர் பக்கம் கோயில்களுக்கு. பேச வந்த பெரியவர் கொஞ்சம் இழுத்து, மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். "இல்லங்க" என்றேன். பொய் இல்லை. அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

திரும்பி வரும்போது வாலாஜாவில் வண்டி வடக்கே திரும்பியது. சாயங்கால வெயில். டீக்கடை ஓரத்தில் வண்டி நின்றுவிட்டது. நான் நிறுத்தினேன் என்று சொல்லமுடியாது.

"டீக்கா டிரைவரு?" என்றார் பெரியவர்.

"ஆங், டீதாங்க. எறங்குங்க."

அவர்கள் இறங்கிச் சிரித்துப் பேசிக்கொண்டு கடைக்குப் போனார்கள். நான் வண்டியைச் சுற்றிப் போய்ப் பின்கதவைத் திறந்தேன். பைகளும் பிரசாதக் கூடைகளும் கதவு வரை அடைத்துக்கொண்டிருந்தன. திறந்த பிறகுதான், எதற்காகத் திறந்தேன் என்று எனக்குத் தெரிந்தது.