வட்டக்கானல் மேட்டில் மதினி

மதினியை நினைத்தால், ஆக்ஸிலேட்டரை மிதித்த பிறகும் வண்டி நகராமல் நின்ற அந்த ஒரு கணம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மதினியின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தன. பின் சீட்டில் என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

மதினி என் அண்ணனின் மனைவி. பாச்சலூர்க்காரர். கல்யாணத்துக்கு முன்பே அவருடைய அப்பாவின் பழைய டீசல் ஜீப்பில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு தோட்டத்துப் பாதைகளில் ஓட்டியவர். அந்த ஜீப்புக்கு வேகம் கிடையாது. ஆனால் கிளட்சை மெல்ல விட்டால் போதும், எந்த மேட்டிலும் ஊர்ந்தே ஏறிவிடுமாம். மதினியின் சுபாவமும் அப்படித்தான். கதவைக்கூட ஓசைப்படாமல் சாத்துவார். வட்டக்கானலில் நாங்கள் நடத்தும் சிறிய விடுதியில், விருந்தாளிகள் எவ்வளவு சத்தம் போட்டாலும் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

அண்ணன் வாங்கிய குடும்பக் கார் வேறு குணமுடையது. சின்ன பெட்ரோல் இஞ்சின், அதில் டர்போ. வத்தலக்குண்டு தாண்டி நேர் ரோட்டில் விட்டால் பறக்கும். மலையில் வளைவுக்காக வேகத்தைக் குறைத்தால் மட்டும் அப்படியே சோர்ந்துவிடும். மிதித்தால் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு திடீரென்று நம் முதுகு சீட்டில் மோதும்படி பாயும்.

ஒருநாள் செண்பகனூர் ஏற்றத்தில், முன்னால் போன பஸ் வளைவில் நின்றதால் மதினியும் நிற்க வேண்டியதாயிற்று. மறுபடி எடுக்கும்போது இஞ்சின் அணைந்து, கார் பின்னோக்கி உருண்டு, பின்னால் நின்ற காரை இடித்தது. பெரிய சேதம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காரிலிருந்து இறங்கியவர், "ஓட்டத் தெரியாதவங்க எதுக்கு மலைக்கு வர்றீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர் மதினி. வீட்டுக்கு வந்து அண்ணன் கையில் சாவியைக் கொடுத்தவர் அதன் பிறகு ஓட்டவே இல்லை.

ஏதாவது கோளாறாக இருக்கும் என்று அண்ணன் மெக்கானிக்கிடம் காட்டினார். "ஒரு கோளாறும் இல்லீங்க. இஞ்சின் கொஞ்சம் வேகமாச் சுத்துனாத்தான் டர்போ வேலை செய்யும். மேட்டுல எடுக்கும்போது நல்லா மிதிச்சுக்கிட்டு கிளட்ச விடச் சொல்லுங்க" என்றார் அவர். அண்ணன் வந்து சொன்னதும் மதினி முகம் சுளித்தார். "அம்புட்டு மிதிச்சா அது கத்துமே. பாவம், என்னத்துக்கு அதப் போட்டு வதைக்கணும்?"

அது சீசன் நேரம். அண்ணன் சாமான் வாங்க பஸ்ஸில் பழநிக்குப் போயிருந்தார். என் மனைவிக்குப் பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வலி வந்துவிட்டது. அதற்கு முன் ஒரு பிள்ளையைப் பிரசவத்தில் இழந்திருந்தோம். ஆஸ்பத்திரிக்கு இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று அப்போது டாக்டர் சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் இருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால், ஏரிப் பக்கம் நெரிசலில் மாட்டிக்கொண்டோம் என்றார்கள். எனக்கு பைக் தவிர வேறு ஓட்டத் தெரியாது.

மதினி சாவியை எடுத்து வந்தார்.

"வேற வண்டி ஏதாவது பாப்பமா மதினி?"

"எங்க போயிப் பாக்க? இங்க கெடக்குறது இது ஒண்ணுதான். அவளப் பின்னால ஏத்துங்க தம்பி, வெரசா."

பிரசவத்துக்காக வந்து தங்கியிருந்த என் மாமியார் மனைவியோடு பின்னால் உட்கார்ந்தார். நான் முன்னால். வட்டக்கானலிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக மேடு ஏறியாக வேண்டும். பாதி மேடு வரை நன்றாகத்தான் வந்தோம். ஒடுக்கமான ஒரு வளைவில் எதிரே சுற்றுலா வேன் இறங்கி வந்தது. நின்றோம். அது எங்களை உரசாத குறையாகக் கடந்து போனது. மதினி கிளட்சை மெல்ல விட்டார். இஞ்சின் அணைந்தது. கார் பின்னால் உருண்டு, பிரேக்கில் நின்றது. மறுபடியும் அதேதான். இந்த முறை கிளட்ச் கருகும் வாடை உள்ளே வந்தது. நான் குதித்து இறங்கி, ஒரு பெரிய கல்லைப் புரட்டிப் பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் மதினி ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்திருந்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

"என்னால முடியல தம்பி."

பின்னாலிருந்து என் மனைவிதான் பேசினாள். "அக்கா, நல்லா மிதிங்க. ஒடைஞ்சா ஒடையட்டும்."

மதினி ஒருமுறை திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு மிதித்தார். அந்த இஞ்சின் அப்படி அலறி நான் கேட்டதில்லை. கிளட்சை விட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இறக்கினார். அந்த ஒரு கணம் வண்டி அப்படியே நின்றது. பிறகு சக்கரம் கல்லை விட்டு விலகி, கார் மேட்டில் பாய்ந்தது. நான் ஏறுவதற்காகக் கதவைப் பிடிக்க ஓடினேன். ஜன்னல் வழியாக மதினியின் குரல் கேட்டது. அவர் அப்படிக் கத்தி அன்றுதான் கேட்டேன்.

"நிப்பாட்ட மாட்டேன் தம்பி! நீங்க நடந்து வாங்க!"

வளைவில் கார் மறைந்த பிறகும் அந்த இஞ்சின் அலறல் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. எங்கேயும் நிற்கவில்லை. நடுரோட்டில் நின்றுகொண்டு எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கல்லை ஓரமாகத் தள்ளிவிட்டு ஓடினேன். வெகுதூரம் ஓடிய பிறகுதான் தெரிந்தவர் ஒருவர் பைக்கில் ஏற்றிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில், வழியை அடைத்துக்கொண்டு கோணலாக நின்றது கார். மூன்று கதவுகள் திறந்து கிடந்தன. உள்ளே பெஞ்சில் மதினி செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார். யாரோ வாங்கிக் கொடுத்த டீ அவர் கையில் இருந்தது. எதிரே போய் நின்றேன்.

"பொம்பளப் பிள்ள" என்றார். "வந்ததுமே பெறந்துருச்சு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. உள்ள போயிப் பாருங்க." நான் நகர்ந்ததும் மறுபடி கூப்பிட்டார். "தம்பி, யாரையாவது விட்டு அந்தக் கார ஓரமா எடுக்கச் சொல்லுங்க. எனக்குக் காலு எந்திரிக்கவே மாட்டேங்குது."