ஏத்து என்று சொன்ன விரல்

கல்லூரியில் அவளுக்கு வைத்த பெயர் குழாய். கம்பத்தின் உச்சியில் கட்டி ஊரைக் கூப்பிடுவார்களே, அந்தக் குழாய் ஸ்பீக்கர். படிக்கட்டுக்குக் கீழே நின்று அவள் ஒரு தடவை கூப்பிட்டால் மேல்மாடி வகுப்பில் தூங்குகிறவன் எழுந்து உட்கார்ந்து "பிரசன்ட் சார்" என்பான்.

அது வீட்டுப் பழக்கம். அம்மாவுக்குத் தையல் ஆலையில் வேலை. வரிசை வரிசையாக மெஷின் ஓடுகிற கூடத்தில் பகல் பூராவும் குனிந்து உட்கார்ந்துவிட்டு வருகிறவளுக்கு, யார் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிதான் இருக்கும். அதனால் அந்த வீட்டில் உப்பு கேட்பதும் கத்தல், கொஞ்சுவதும் கத்தல். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஒரு நாள் சண்டையை விலக்கிவிட ஓடி வந்தார். அங்கே நடந்துகொண்டிருந்தது பிறந்தநாள் வாழ்த்து.

கத்தாதவன் அந்த வீட்டில் ஒருத்தன்தான், தம்பி. கைக்குழந்தையாக இருந்தபோதே அவனுக்கு இடது காதில் சீழ் பிடித்தது. வடிந்து வடிந்து ஒரு வழியாகக் காய்ந்தபோது, அந்தக் காதில் கேட்கிற சக்தி எதுவும் மிச்சமில்லை. வலது காது ஒன்றை வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனான், கிட்டார் பழகினான், பாட்டுக் கட்டினான். அவனுக்கு வலது பக்கமாக நடப்பது அக்காவின் வேலை. பஸ்ஸில் அவர்களுக்குள் ஜன்னல் சீட்டுச் சண்டை வந்ததே கிடையாது. அவனுடைய வலது பக்கம் எதுவோ, அதுதான் அவளுடைய இடம்.

"அவனுக்கு ஒரு காதுதான்டி, பாத்துக்கோ." பள்ளிக்கூடம் அனுப்பிய முதல் நாளில் அம்மா சொல்ல ஆரம்பித்தது. கல்லூரிக்குக் கிளம்பும் நாளிலும் வாசலில் நின்று அதைத்தான் சொன்னாள்.

அந்தக் கல்லூரியில் பாட்டு என்றால் ஆண்டு விழாவுக்கு வெளியிலிருந்து ஆள் கூட்டி வருவது. முன் வரிசை பெரிய மனிதர்களுக்கு. பிள்ளைகள் பின்னால் நின்று கைதட்ட வேண்டும். முதல் வருடம் பொறுத்துக்கொண்டாள். இரண்டாம் வருடம் முதல்வர் அறைக்குள் நேராகப் போய் நின்றாள்.

"நம்ம காலேஜ்லயே பாடறவங்க இல்லையா சார்?"

"பாடறவன் இருக்காம்மா. கேக்கறவன்தான் இல்ல."

"கேக்க வைக்கிறேன் சார்."

"வகுப்பு முடிஞ்ச பிறகு கேன்டீன்ல வச்சுக்கோ. எதாவது உடைஞ்சுதுன்னா உன்னைத்தான் கூப்பிடுவேன்."

அப்படித் தொடங்கியதுதான் வெள்ளிக்கிழமைக் கச்சேரி. பிளாஸ்டிக் மேசைகளை ஒரு ஓரம் தள்ளிவிட்டு, அடுப்படிக்குப் பக்கத்துச் சுவரையொட்டி இரண்டு பலகை போட்டால் மேடை. இந்தக் கல்லூரிப் பிள்ளைகள் மட்டும்தான் பாடலாம். அதுவும் சொந்தப் பாட்டாக இருக்க வேண்டும். யாருக்குக் கை அதிகமாக நடுங்குகிறதோ அவர்தான் முதலில். "கடைசி வரைக்கும் நடுங்கிட்டே உக்காந்திருந்தா உயிர் போயிடும். ஏறி இறங்கிடு, பிரச்சனை முடிஞ்சுது," என்பாள் குழாய். ரசாயன வகுப்புப் பெண்ணொருத்தி அப்படித்தான் ஏறி, கண்ணைத் திறக்காமலேயே பாடிவிட்டு இறங்கி, நேராகக் குப்பைத்தொட்டியில் போய் வாந்தி எடுத்தாள். அடுத்த வாரமும் வந்தாள்.

குழாய்க்குப் பாட வராது. வாத்தியமும் வராது. சத்தத்தை ஏற்றி இறக்குகிற மிக்ஸர் மேசைக்குப் பின்னால் நின்று திருகுகளைத் திருகுவதும், ஊரெல்லாம் அலைந்து இவர்கள் பேரைப் பரப்புவதும்தான் அவள் வேலை. கைப்பட வரைந்த சுவரொட்டியைப் பசை காய்வதற்குள் ஒட்டிவிட்டு, பாட்டைப் பதிந்து எடுத்துக்கொண்டு பஸ் டிரைவர்களிடம் போவாள். செல்போன் ரிப்பேர் கடைக்குப் போவாள். முடிதிருத்தும் கடை என்றால் அவளுக்குத் தனிப் பிரியம். "கழுத்துல கத்தி இருக்கறப்ப எவன் எழுந்து போவான்? முழுப் பாட்டையும் கேட்டுத்தான் ஆகணும்!"

மறு வருடம் தம்பியும் அதே கல்லூரியில் சேர்ந்தான்.

அவன் பாட்டெல்லாம் சின்னச் சின்ன விஷயம். சொட்டுகிற குழாயடியைப் பற்றி ஒன்று. ஆலை விட்டு வருகிற பெண்கள் பஸ்ஸில் நின்றபடியே தூங்குவதைப் பற்றி ஒன்று. குரலும் சின்னதுதான். ஆனால் அவன் பாடினால் கேன்டீனில் டம்ளர் கழுவுகிறவரும் தண்ணீரை நிறுத்துவார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் இருக்கிற அத்தனை கழுத்துக்கும் கத்தி வைத்து இவன் பாட்டைக் கேட்க வைத்துவிட வேண்டும் என்று கிளம்பினாள்.

ஒரே ஒரு சங்கடம். பின்னால் டிரம்ஸ், முன்னால் கூட்டம், பக்கத்தில் அடுப்படி. இந்த இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்க வேண்டுமென்று காலடியில் சாய்த்து ஒரு ஸ்பீக்கர் வைப்பார்கள், மானிட்டர் என்று அதற்குப் பேர். மற்றவர்களுக்கு அது காலடியில் இருந்தால் போதும். இவன் தம்பியாயிற்றே, ஒரு காதுக்காரனாயிற்றே. அவள் ஒரு உயரமான ஸ்டூலைக் கொண்டுவந்து, அவனுக்கு வலது பக்கம், காது உயரத்துக்கு அந்த ஸ்பீக்கரைத் தூக்கி வைத்தாள். பஸ்ஸில் தான் உட்காருகிற இடத்தில் அதை உட்கார வைத்தாள்.

"இப்ப கேக்குதாடா?"

அவன் ஆள்காட்டி விரலைக் கூரையைப் பார்த்துத் தூக்கினான். இன்னும் ஏத்து என்று அர்த்தம். ஏற்றினாள். அவன் சிரித்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த விரல் எழும்பியது. முதலில் ஒரு பாட்டுக்கு ஒரு தடவை, பிறகு சரணத்துக்குச் சரணம். "என் தம்பிக்கு மேடைப் பசி வந்துடுச்சு," என்று அவள் பெருமைப்பட்டாள். யாரைக் குறை சொல்வது? கூச்சத்தில் தரையைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை, எனக்கு இன்னும் வேண்டும் என்று விரலைத் தூக்கிக் கேட்கிறான். கேட்டதைக் கொடுக்காத அக்கா உண்டா?

டிரம்ஸ் அடிக்கிறவனுக்குத் தகரம் என்று பேர். காது இரண்டிலும் பஞ்சு அடைத்துக்கொண்டுதான் உட்காருவான். "உன் அடி உனக்கே தாங்கல, எங்களுக்கு எப்படிடா தாங்கும்?" என்று எல்லாரும் கிண்டல் பண்ணுவார்கள். அவன்தான் முதலில் பார்த்தான்.

"குழாய், உன் தம்பி டியூன் பண்றப்ப கிட்டார் மேல தாடைய வச்சுக்கிறான், கவனிச்சியா?"

"அது ஸ்டைலுடா. உனக்கு எங்க புரியப் போகுது."

"ஸ்டைலா? எனக்கென்னமோ தாடை வழியா கேக்குற மாதிரி தெரியுது."

"நீ பஞ்ச எடுத்துட்டுப் பேசு. அப்ப உனக்கு ஒழுங்கா தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். தகரமும் சிரித்துவிட்டான்.

வேறு வீடாக இருந்தால் வீட்டில் பிடிபட்டிருக்கும். மெதுவாகப் பேசுகிற வீட்டில், பிள்ளை இரண்டாம் தடவை கேட்டாலே தாய்க்குச் சுருக்கென்று தைக்கும். இங்கே எல்லாரும் எப்போதும் கத்துகிறவர்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் கத்தினார்கள், அவ்வளவுதான். "பாட்டுக்காரன் ஆயிட்டான்ல, கூப்பிட்டா காது கேக்காது," என்று அம்மாவே ஒரு நாள் கேலி செய்தாள்.

இவள் அலைந்த அலைச்சல் வீண் போகவில்லை. முடி வெட்டிக்கொள்ளப் போன ரேடியோ நிலையத்துக்காரர் ஒருவர், சொட்டுகிற குழாயடிப் பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டு யார் இது என்று விசாரித்தார். வெள்ளிக்கிழமை நானே வந்து கேட்கிறேன், பிடித்தால் நிலையத்தில் பதிவு செய்யலாம் என்று சொல்லி அனுப்பினார். குழாய் கேன்டீன் மேசை மேல் ஏறி நின்று அந்தச் சேதியைச் சொன்னாள். அன்றைக்கு அவள் குரல் மேல்மாடியைத் தாண்டிப் போனது.

வியாழக்கிழமை சாயங்காலம் தம்பி அவளை மாடிப்படிக்குப் பின்னால் கூப்பிட்டான்.

"அக்கா, காதுல விசில் சத்தம் நிக்கவே மாட்டேங்குது."

"எந்தக் காதுல?"

"எனக்கு எத்தனை காது இருக்கு?"

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா. முதல்ல கச்சேரி முடிஞ்சா வரும், தூங்கினா போயிடும். இப்ப போறதில்ல. நீ பேசறதே உன் வாயைப் பாத்துத்தான் பாதி புரியுது."

அந்த இடத்தில் அவள் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சொல்லவும் செய்கிறார்கள். அவள் படியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். அவன் கையைப் பிடித்து, "நாளைக்குப் பாட வேணாம்டா. டாக்டர்கிட்ட போயிடலாம்," என்றாள். அதையும் அவள் சொல்லத்தான் செய்தாள். அது யாருக்கும் தெரியாது.

"ரேடியோக்காரர் மறுபடி வருவாரா அக்கா?"

அவள் அவன் கையை விட்டாள்.

"ஒரே ஒரு நாள். முடிஞ்சதும் போலாம். அம்மாகிட்ட சொல்லிடாத, ஆலைக்கு லீவு போட்டுட்டு வந்து உக்காந்துடுவாங்க."

"விசில் அடிக்குதே, எப்படிடா பாடுவ?"

"கூட்டம் அடிக்குதுன்னு நெனச்சுக்கிறேன்," என்றான். இருவரும் சிரித்தார்கள். தலையாட்டியது அவள்தான். இல்லை என்று ஒரு நாளும் அவள் மறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கேன்டீனில் நிற்க இடமில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள். முதல்வர்கூட டீ குடிக்க வந்த மாதிரி வந்து நின்றார். ரேடியோக்காரர் தூண் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காதைக் காப்பாற்றலாம் என்று தகரத்திடம் பஞ்சு வாங்கி அவள் தம்பியிடம் கொடுத்திருந்தாள். அதை வைத்துக்கொண்டு ஒரு வரி பாடிப் பார்த்தவன், சுருதி எங்கேயோ போக, பிடுங்கி எறிந்துவிட்டான்.

முதல் பாட்டு ஆலைப் பெண்களைப் பற்றியது, நன்றாக வந்தது. இரண்டாவது, குழாயடி. விரல் எழும்பியது. ஏற்றினாள். மறுபடி எழும்பியது. ஏற்றினாள். திருகு அதன் கடைசிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. விரல் இறங்கவே இல்லை. அவன் கண் அவளைப் பார்க்கவில்லை. கூட்டத்தின் தலைக்கு மேலே எதையோ தேடிக்கொண்டிருந்தது. அவள் கடைசி வரைக்கும் திருகினாள்.

மைக்கின் சத்தம் ஸ்பீக்கருக்குள் போய், ஸ்பீக்கரின் சத்தம் மைக்குக்குள் போய், கீ என்று ஒரு கிறீச்சல் கிளம்பியது. எலும்பைக் கீறுகிற சத்தம். கூட்டம் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டது. ஜன்னலில் தொங்கியவர்கள் கையை விட்டுக் கீழே குதித்தார்கள். பஞ்சு வைத்திருந்த தகரமே குச்சியைப் போட்டுவிட்டுக் காதைப் பிடித்துக்கொண்டான்.

அந்தக் கேன்டீனில் ஒருத்தன் முகம் மட்டும் சுளிக்கவில்லை. அவன் பாடிக்கொண்டிருந்தான். ஸ்பீக்கர் அவன் காதுக்குப் பக்கத்தில் அலறிக்கொண்டிருக்க, சின்னப் புன்னகையோடு, விரலை மேலே தூக்கியபடி, ஏத்து ஏத்து என்று கேட்டபடியே பாடிக்கொண்டிருந்தான்.

அவள் எல்லாத் திருகையும் ஒரே மூச்சில் இறக்கினாள். கேன்டீன் அமைதியானது. அவன் குரல் மட்டும் வெறுமனே வந்தது. சுருதி விட்டு விலகி, எங்கோ தனியாகப் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றது. பாட்டு முடியும் வரைக்கும் தம்பி பாடினான். முடித்துவிட்டுக் குனிந்து வணக்கம் சொன்னான். கைதட்டினார்களா இல்லையா என்று அவர்கள் கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

"முதல் பாட்டு நல்லா இருந்ததும்மா," என்று சொல்லிவிட்டு ரேடியோக்காரர் போய்விட்டார்.

காது டாக்டர் மென்மையான ஆள். தம்பியைப் பார்த்துப் பேசாமல் அம்மாவைப் பார்த்துப் பேசினார். அம்மாவுக்கு அவர் குரல் கேட்கவில்லை. கடைசியில், "இனி திரும்ப வராதாம்," என்று மகள்தான் அம்மாவுக்குக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. வெளியே காத்திருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது. தம்பிக்குக் கேட்கவில்லை. அவன் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா அடிக்கவில்லை. திட்டவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது ஒன்றுதான் கேட்டாள்.

"உனக்குத் தெரியுமேடி. ஒரு காதுதான்னு உனக்குத் தெரியுமே."

தெரிந்ததால்தானே ஸ்டூல் போட்டாள். அதை எப்படிச் சொல்வது? அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கு வரை சொல்லவில்லை. காதைக் கெடுத்தவள் என்று அவளைச் சொல்கிறவர்கள் சொல்லட்டும். அந்தக் காது எந்தப் பக்கம் என்று அவளைத் தவிர ஒருவரும் நினைத்துப் பார்த்ததில்லை. கெட்டதும் அதனால்தான்.

வெள்ளிக்கிழமைக் கச்சேரி நிற்கவில்லை. தகரம் எடுத்து நடத்தினான். மானிட்டர் தரையை விட்டு உயரக்கூடாது என்று ஒரு விதி சேர்த்தான். வாந்தி எடுத்த பெண்ணை ரேடியோவில் பாட வைத்தார்கள். குழாய் அந்தப் பக்கமே போகவில்லை.

தம்பிக்கு அம்மாவின் ஆலையிலேயே வேலை கிடைத்தது, துணி வெட்டுகிற பகுதியில். இந்தக் கூடத்துக்கு இவனைப் போலப் பொருத்தமான ஆள் கிடையாது என்றார் மேஸ்திரி. நல்ல மனதோடுதான் சொன்னார். கிட்டாரை அவன் விற்கவும் இல்லை, தொடவும் இல்லை. ஒரே ஒரு தடவை, யாரும் இல்லை என்று நினைத்து, அதன் மேல் தாடையை வைத்துக்கொண்டு ஒரு தந்தியைச் சுண்டினான். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். பிறகு துணியால் மூடிவிட்டான். அக்கா கதவோரம் நின்று பார்த்தாள்.

அவள் இப்போது ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். அவளுக்கு ஒரு காலத்தில் குழாய் என்று பேர் இருந்தது என்றால் அங்கே யாரும் நம்ப மாட்டார்கள். அவ்வளவு மெதுவாகப் பேசுகிறாள். வீட்டிலும் கத்துவதில்லை. ஆரம்பத்தில் கத்திப் பார்த்தாள். "கத்தாத அக்கா, வாய் கோணுது. ஒண்ணும் புரியல," என்றான். அதிலிருந்து அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக, உதட்டை அசைத்துக் காட்டுகிறாள். வலது பக்கத்தில் இப்போது யாரும் உட்காருவதில்லை.

அம்மாவுக்கு மட்டும் பழக்கம் மாறவில்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே எதையாவது பேசுவாள். அவள் உதடு தெரியாது. அப்போது அவன் கை, சோற்றுக் கைதான், மெல்ல எழும்பும். ஆள்காட்டி விரல் கூரையைப் பார்த்து நிற்கும்.

எதிரே உட்கார்ந்திருக்கிறவளின் கை மேசைக்கு அடியில் தானாக எழுந்து, இரண்டு விரல் சேர்ந்து, காற்றில் எதையோ பிடித்துத் திருகும்.